புது டயருக்கு முடி எங்கே, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். ஆனால் இங்கே சுகம் என்று நான் எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம். உடம்பு சுகம், மனசு சுகமில்லை. உங்கள் அத்தை சுகமாக இருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறாள், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பாப்பா சுகமா? என்னைக் கேட்டாளா? பேச்சு வராத குழந்தை எப்படிக் கேட்கும் என்று உங்கள் மனைவி, அதாவது என் மகள், சொல்வாள். கேட்கிற விதத்தில் கேட்பாள், கவனிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும், பக்கத்து அறையில் என் மகள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள் என்பதும் தெரியும். தவிர, நான் இப்போது கேட்கப்போகிற சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருந்தால்தான் பின்னால் யாரும் பேச்சு மாற மாட்டார்கள். எங்கள் மேல்வீட்டு மருந்துக்கடைக்காரருடைய சரக்கு வண்டி இன்று சாயங்காலம் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறது, அதில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து இதைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படிக்கவும். குழாயைத் திறந்துவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

விஷயம் இதுதான். நாளை சனிக்கிழமை பாப்பாவை அழைத்துப்போகக் காரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, வர முடியாது. திங்கட்கிழமை என் மகள் திரும்ப வேலைக்குப் போகிறாள் என்பதும், காப்பகத்தில் இடம் கிடைக்கிறவரை பாப்பா எங்களிடம்தான் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு மறந்துபோகவில்லை. நான் வேறு எதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்? தொட்டில் வந்து இறங்கி, நானே என் கையால் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு திருகாணி மட்டும் மிச்சமாகிவிட்டது, அது எங்கே போக வேண்டியது என்று இன்னும் தெரியவில்லை, தெரிகிறவரை தொட்டிலில் ஒரு மூட்டை அரிசியைப் படுக்க வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி எல்லாம் தயாராக இருக்கும்போது ஏன் வர முடியாது என்றால், காரில் மாட்டியிருக்கிற புது டயர்கள் புது டயர்கள்தானா என்பது எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாத டயரின் மேல் என் பேத்தியை உட்கார வைக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன முறை நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நடந்ததை நீங்கள் எல்லாரிடமும் ஒரு மாதிரி சொல்லி வைத்திருக்கிறீர்கள், நடந்தது வேறு. மழை பெய்துகொண்டிருந்தது. நான் பிரேக் போட்டேன். கார் நின்றது. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப்போய், உங்கள் குடியிருப்பு வாசலில் இருந்த குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு, ஒரு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றது. நின்றதா இல்லையா? ஆனால் அதே நேரம் பார்த்து என் மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் நின்றிருக்க வேண்டுமா? மாடிப்படி இறங்கி வந்து மழையிலேயே நின்று சொன்னாள், "அப்பா, இந்த டயர மாத்தற வரைக்கும் பாப்பாவ உங்க கார்ல ஏத்த மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி." இவளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு போனவன் நான். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது, இப்போதும் தைக்கிறது. அதற்குள் நீங்கள் குடையோடு வந்து, பையிலிருந்து ஒரு காசை எடுத்து டயரின் பள்ளத்தில் வைத்துக் காட்டினீர்கள். "மாமா, காசு முழுசா வெளிய தெரியுது பாருங்க. பள்ளமே இல்ல. இது டயர் இல்ல மாமா, வழுக்குப்பாறை." ஊருக்குத் திரும்பி வந்து என் சொந்தக் காசை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. அதுவரை உங்கள் காசைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதும், கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தூங்குகிற மாதிரி நடிக்கிறவன், கழிப்பறைக்குள் போய் வெளியே வராதவன், கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டிச் சிரிக்கிறவன், இவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியிருக்கிறது. எல்லாரிடமும் ஒரே மாதிரி சிரிக்கிறவரை நம்பக் கூடாது. வெயிலிலும் நன்றாக ஓடும், மழையிலும் ஓடும், பனியிலும் ஓடும் என்று ஒரு டயரைப் பற்றி நீங்கள் சொன்னபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் உங்கள் ஊருக்கு வரும் வழியில் அடிவாரத்தில் வெயில், வளைவுகளில் மழை, உச்சியில் பனி என்று எல்லாம் ஒரே நாளில் வந்து தொலைக்கிறதே, ஒவ்வொன்றுக்கும் இறங்கி நின்று டயர் மாற்றிக்கொண்டா வர முடியும்? அதனால் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

முதலில் கண்ணாடி வைத்த பெரிய கடைக்குப் போனேன். உள்ளே ஒரே குளிர், ஒரு டயருக்கும் ரப்பர் வாசனையே இல்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு விற்பனையாளன் வந்து, "சார், நீங்க எந்த ஸ்டைல்ல வண்டி ஓட்டுவீங்க?" என்றான். "உக்காந்துக்கிட்டுத்தான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டான். என் கார் எது என்று கேட்டான், வாசலில் நிற்கிறது என்று காட்டினேன், அவன் அதைத் தாண்டி அதன் பின்னால் நின்ற பெரிய காரைப் பார்த்தான், இது என்று மறுபடி காட்டியதும் அவன் முகம் கொஞ்சம் சின்னதானது. பிறகு ஒரு பாடம் எடுத்தான் பாருங்கள். எல்லாப் பருவ டயர் என்று ஒன்று உண்டாம், எல்லா வானிலை டயர் என்று வேறொன்று உண்டாம். எல்லாப் பருவம் என்பதில் கடுங்குளிர் அடங்காதாம், குளிரில் ரப்பர் விறைத்துப்போய்ப் பிடிப்பு விட்டுவிடுமாம். எல்லா வானிலை என்றால்தான் பனிக்கும் சேர்த்தாம். "குளிர்காலம் பருவம் இல்லையாப்பா?" என்றேன். "டெக்னிக்கலா அப்படி இல்ல சார்" என்றான். எல்லாரும் வரலாம் என்று கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் பெரியப்பாவை மட்டும் வாசலில் நிறுத்துகிற மாதிரி இருக்கிறது என்றேன், அதையும் எழுதிக்கொண்டான். எதற்கு எழுதுகிறான் என்று தெரியாத இடத்தில் நான் அதிகம் பேசுவதில்லை. வந்துவிட்டேன்.

அப்புறம்தான் நீங்கள் சொன்ன கடைக்குப் போனேன். இங்கேதான் உங்களை நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை. வேறு ஊரில் இருக்கும் உங்களுக்கு எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், பேட்டரிக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில், பெயர்ப்பலகை பாதி மறைந்து கிடக்கிற ஒரு டயர்க்கடை எப்படித் தெரிந்தது? கடையை நடத்துவது ஒரு அம்மாள். நான் காரை விட்டு இறங்கி ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் "வாங்க சார், உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்" என்கிறார். எதிர்பார்த்தாராம்! உட்கார நாற்காலி, நாற்காலிக்கு ஒரு துணி தட்டல், கையில் சூடாக டீ. டயர்க்கடையில் யாராவது டீ கொடுப்பார்களா? நான் எந்தக் கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில். கேட்ட கேள்வியையே திருப்பிப் போட்டுக் கேட்டாலும் அதே பதில். நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன், அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு டயரைத் தட்டிவிட்டு, "இத போட்டுக்கங்க சார், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் போன வாரம் போனில் நீங்கள் சொன்னதும் இதே வார்த்தைதான். கண்ணை மூடிக்கொண்டு யார் கார் ஓட்டுகிறார்கள்? இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி ஒரு யோசனை எப்படி வரும்?

சரி, நானும் விடவில்லை. பனிக்கும் உகந்தது என்பதற்கு டயரின் பக்கவாட்டில் மலைப் படமும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சடித்திருக்கும் என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இருந்தது. "படம் இருந்தாப் போதுமாம்மா? என் பனியன்ல சிங்கம் படம் இருக்கு" என்றேன். அதற்கும் சிரித்தார். எங்கள் மருந்துக்கடைக்காரர் முந்தின நாளே என்னை மாடிப்படியில் நிறுத்தி, "சார், மாத்திரையாகட்டும் டயராகட்டும், தேதி பாக்காம வாங்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் உப்பு வாங்கினாலும் தேதி பார்க்கிறவர். டயரில் எத்தனையாவது வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று எண்ணாகப் போட்டிருக்குமாம். அதையும் குனிந்து, மண்டி போட்டு, நான்கு டயரிலும் பார்த்தேன். எல்லாம் புதுசு. இதைவிட அகலமான டயர் இல்லையா என்று கேட்டேன், "உங்க வண்டிக்கு இதான் சார் அளவு, அகலமாப் போட்டா மழையில தண்ணி மேல மிதக்கும்" என்றார். பெரியதை விற்காமல் சின்னதை விற்கிறாரே, இதில் என்ன சூது என்று அரை மணி யோசித்தேன், பிடிபடவில்லை.

கடைசியில் எனக்கு நம்பிக்கை வந்தது எதனால் தெரியுமா? முடியால். நீங்கள் புது டயரைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, உடம்பெல்லாம் மெல்லிசாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். இது என்ன என்று கேட்டேன். "அச்சுல வார்க்கும்போது காத்து வெளிய போக சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க சார். அதுல புகுந்த ரப்பர்தான் இது. ஓட ஓடத் தேஞ்சிரும். முடி இருந்தா டயர் புதுசுன்னு அர்த்தம்" என்றார். இது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஓட்டை போடாத டிக்கெட் மாதிரி, கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், யாரும் ஏமாற்ற முடியாது. நான்கையும் தடவினேன். முள்ளம்பன்றிக் குட்டிகள் மாதிரி இருந்தன. நல்லது, மாட்டுங்கள் என்றேன். மாட்டி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன், உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சக்கரத்தைச் சுழற்றி அதில் குட்டி ஈயக்கட்டி ஒட்டினார்கள், எதற்கு என்று கேட்டேன், சமன் செய்யவாம், சரி என்று விட்டேன். வீட்டுக்கு ஓட்டிவந்தேன். என்ன சுகம், என்ன பிடிப்பு! வழியில் ஆளில்லாத ஓரிடத்தில் வேண்டுமென்றே பிரேக் போட்டுப் பார்த்தேன், சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. பாப்பாவை அழைத்துவந்துவிடலாம் என்று அப்போதே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வண்டியை வாசலில் நிறுத்தி, உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவளும் தடவினாள். "கூரா இருக்கே" என்றாள். "கூரா இருந்தாத்தான் புதுசு" என்று விளக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

எழுந்து முகம் கழுவி, டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஆசையாகக் குனிந்து டயரைத் தடவினேன். மாப்பிள்ளை, ஆடிப்போய்விட்டேன். முடி இல்லை! ஒன்றில்கூட இல்லை! முன் டயர், பின் டயர், தரையில் படுகிற பக்கம், படாத பக்கம், எங்கேயும் இல்லை. மழுங்கச் சிரைத்த முகம் மாதிரி வழுவழுவென்று இருக்கின்றன. டீ கொட்டியதுகூடத் தெரியவில்லை. உடனே பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தேதியைப் பார்த்தேன். அதே வாரம், அதே வருஷம். மலைப் படம், பனிப்பூ, அதே இடத்தில். அதுதான் எனக்குச் சந்தேகத்தை ஊர்ஜிதமாக்கியது. தப்பு செய்கிறவன்தான் தேதியில் தப்பு விடாமல் பார்த்துக்கொள்வான், இதை நான் ரயிலில் நேரில் பார்த்திருக்கிறேன். நான் தூங்குகிற நேரம் பார்த்து வந்து, புது டயரைக் கழற்றிக்கொண்டு, அதே தேதி போட்ட ஓடின டயரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் மத்தியானம் தூங்குவேன் என்பது யாருக்கெல்லாம் தெரியும்? உங்கள் அத்தைக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உங்கள் அத்தையைக் கேட்டேன். "மத்தியானம் வாசல்ல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "ஒரு சத்தமும் கேக்கலையே" என்றாள். அவள் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவள், அதனால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. தடயம் கலையக் கூடாது என்று காரைச் சுற்றித் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிவிட்டு, நடந்தே கடைக்குப் போனேன். "என் டயர்ல முடி எங்கம்மா?" என்றேன். "ஓடினா தேயும் சார்." "தரையில படாத பக்கத்துல எப்படித் தேயும்?" என்று ஒரே போடு போட்டேன். கடையில் நின்ற இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானே வந்து பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். தெருவே பார்த்தது. கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, டயரின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று தடவினார். தலையை நிமிர்த்தி வாசற்படியில் நின்ற உங்கள் அத்தையைப் பார்த்தார். அத்தை வானத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் எழுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "டயர் சரியாத்தான் இருக்கு சார். அதே டயர்தான். வீட்ல கேளுங்க" என்றார். வீட்டில் கேட்கவா? டயரை விற்றது வீட்டிலா கடையிலா? அப்புறம் உங்கள் அத்தை அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன் பேர்வழி என்று வாசலுக்குப் போனாள், இரண்டு பேரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குசுகுசுவென்று பேசினார்கள், பேச்சு முடிந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவு சீக்கிரத்தில் அந்த அம்மாள் உங்கள் அத்தையையும் வளைத்துப்போட்டுவிட்டார் என்றால் எப்பேர்ப்பட்ட ஆள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறு சில்லறைக் குழப்பங்கள். மீசை வெட்ட நான் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோலை யாரோ எடுத்திருக்கிறார்கள். வைத்த இடத்தில் இல்லை, தையல் டப்பாவில் இருந்தது, வாயில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது, மீசை வெட்டினால் முடியைப் பிடித்து இழுக்கிறது. உங்கள் அத்தைக்குக் கட்டைவிரலில் கொப்புளம் வேறு. கேட்டால் கைவேலை என்கிறாள். ஒரு வீட்டில் இத்தனை விஷயம் ஒரே நாளில் நடந்தால் ஆள் வைத்துத்தான் யாரோ செய்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் கத்தரிக்கோலைப் பற்றி விசாரிக்க இப்போது எனக்கு நேரமில்லை. டயர் விஷயம் பெரிது.

ஆகவே, மாப்பிள்ளை, நேராகவே கேட்கிறேன். அந்தக் கடைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததாக அந்த அம்மாள் சொன்னது எப்படி? அந்தக் 'கண்ணை மூடிக்கொண்டு' யாருடைய வார்த்தை, முதலில் சொன்னது நீங்களா அவரா? நீங்கள் நல்லவர் என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன், இன்றைக்கும் நம்புகிறேன், இருந்தாலும் எனக்கு எழுத்தில் வேண்டும். பதில் வருகிறவரை கார் கயிற்றுக்குள்தான் நிற்கும். பாப்பாவிடம் தாத்தா வராததற்குக் காரணம் தாத்தா இல்லை என்று சொல்லுங்கள். இன்னும் ஒன்று. தொட்டில் அறையில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் அதிகம் என்று திரை மாட்டியிருக்கிறேன். நேற்றுக் கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது காற்றில் அந்தத் திரை ஆடி தொட்டிலில் பட்டது, தொட்டில் தானே ஒரு முறை ஆடியது. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே அரிசி மூட்டைதான் இருந்தது. எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, மாப்பிள்ளை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கும் என் மகளுக்கும் என் ஆசி. பாப்பாவுக்கு இரண்டு பங்கு ஆசி, அதில் யாரும் பங்கு கேட்க வேண்டாம். படித்து முடித்ததும் குழாயை மூடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: வெள்ளிக்கிழமை மத்தியானம். மேலே உள்ளதை மடித்து உறையில் போடுவதற்கு முன், கசக்கிப்போட்ட முதல் தாளில் எழுதிய ஒரு நல்ல வரி ஞாபகத்துக்கு வந்து, அதை எடுக்கச் சமையலறைக் குப்பைக்கூடைக்குள் கையை விட்டேன். கை நிறையக் கறுப்பு முடி வந்தது. ஒரு நொடி யாரைக் கொன்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு தடவிப் பார்த்தேன், ரப்பர். உங்கள் அத்தை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மறைக்கவே இல்லை.

"நான்தான் கத்தரிச்சேன்" என்றாள்.

"எதுக்கு?"

"பாப்பா இப்ப எதக் கண்டாலும் கைய நீட்டுறா. தூக்கிக்கிட்டு வண்டி பக்கத்துல நின்னா டயரத் தொட மாட்டாளா? எனக்கே கையில குத்துச்சு. அவளுக்குக் குத்தாதா?"

"நாலு டயரையுமா?"

"முன்னாடி மட்டும் வெட்டிட்டுப் பின்னாடி அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்?"

"சத்தம் கேட்டுச்சான்னு கேட்டேன்ல?"

"கத்தரிக்கோல் சத்தமெல்லாம் ஒரு சத்தமா? சொல்லலாம்னுதான் வாசலுக்கு வந்தேன். நீங்க காரச் சுத்திக் கயிறு கட்டிட்டு இருந்தீங்க. சரி, எவ்வளவு தூரம்தான் போறாருன்னு பாப்போம்னு விட்டுட்டேன்."

கடைக்கார அம்மாளுக்கு என் மகள்தான் முன்கூட்டியே போன் செய்தாளாம். அவளோடு கல்லூரியில் படித்த பெண்ணின் அக்காவாம் அவர். 'அப்பா வருவாரு, சந்தேகப்படுவாரு, கோவிச்சுக்காதீங்க, ஒரு டீ குடுத்துப் பொறுமையா பதில் சொல்லுங்க' என்று சொல்லி வைத்தாளாம். 'கண்ணை மூடிக்கிட்டு' என்பதும் என் மகளுடைய பேச்சுத்தானாம், உங்கள் இரண்டு பேருக்கும் அவளிடமிருந்துதான் ஒட்டியிருக்கிறது. ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதியதெல்லாம் தவறு. கடையைப் பற்றி எழுதியதும் தவறு. கத்தரிக்கோலைப் பற்றி எழுதியது மட்டும் சரி. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன், உங்கள் அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "இத மாப்பிள்ளை கையில நீங்களே குடுக்கறதா இருந்தாத்தான் நான் வண்டியில ஏறுவேன்" என்கிறாள். சரக்கு வண்டிக்குத் தேவையில்லாமல் போய்விட்டது. கயிற்றை அவிழ்க்கப் போகிறேன். நாளை வருகிறோம். போகிற வழியில் டயர்க்கடையிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த முறை டீ நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.

பி.கு.வுக்கு ஒரு பி.கு.: சனிக்கிழமை. உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வழியில் வெயில், மழை, பனி மூன்றும் வந்தன, ஒன்றிலும் வழுக்கவில்லை, குப்பைத்தொட்டி நிமிர்ந்து நிற்கிறது. என் மகள் பாப்பாவின் துணிகளை எடுத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் கீழே போயிருக்கிறீர்கள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, என் டயரில் காசை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், தடவுகிறீர்கள், குனிந்து தேதியைக்கூடப் பார்க்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற ஆள்தான். மேலே வந்து முடி ஏன் இல்லை என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பதற்குப் பேனாவைப் பிடித்து இழுக்கிறவள்தான் காரணம். வந்ததிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். உங்கள் அத்தையைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்தாள். பால் பாக்கெட் போட வந்தவரைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்தாள், கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தும் அதே சிரிப்புத்தான். எல்லாரிடமும் ஒரே மாதிரி சிரிக்கிறவரை நம்பக் கூடாது என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், என் இரண்டு கையிலும் இவள் இருக்கிறாள்.